புயல் சேதியை எப்படிக் கேட்பது?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கடலோரத்தில் இருக்கிற நாம் வங்கக்கடல் பக்கம் ஒரு காதை வைத்தே படுக்க வேண்டியிருக்கிறது. "புயல் வருதாம்" என்றால், "எங்கே கரையேறுதாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது போதாதுங்க. எவ்வளவு பலம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, நம்ம ஊர் அதன் பாதைக்கு எந்தப் பக்கம் என்று மூன்று சங்கதி கேட்க வேண்டும்.

முதலில் பலம். சுழலும் காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால்தான் புயல். அப்போதுதான் அதற்குப் பெயர். 89-க்குமேல் தீவிரப் புயல், 118-க்குமேல் அதிதீவிரப் புயல். 60 கிலோமீட்டர் காற்று 120 ஆனால் பலம் இரண்டு மடங்குதானே என்று கணக்குப் போடாதீங்க. மரத்தின்மேல் விழுகிற தள்ளு நாலு மடங்கு. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது காற்று 130 கிலோமீட்டர், இடையிடையே 145. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தலைமுறையாய் நின்ற தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. கடலே கண்ணில் படாத புதுக்கோட்டை உள்பகுதி ஊர்களும் தப்பவில்லை. கரையேறினால் புயல் செத்துவிடும் என்பது பாதி நிஜம்தான்.

ஆனால் இந்தப் பெயரெல்லாம் காற்றுக்கு மட்டுமே. மழைக்கு அல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் சாதாரணப் புயல்தான். தீவிரம் என்ற சொல்லே அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் கரையேறியபின் நகராமல் உட்கார்ந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. விழுப்புரம் மாவட்டத்தில் வயல் எது, ஏரி எது என்று தெரியவில்லை. ஆகவே "மெதுவாக நகர்கிறது" என்று கேட்டால், காற்றைவிட வடிகாலைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

இனி பக்கம். நம் கடலில் புயல் வலமிருந்து இடமாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. அது கிழக்கிலிருந்து வந்து உங்க ஊருக்குத் தெற்கே கரையேறினால், காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல்நீரையும் தள்ளிக்கொண்டு வரும். உங்களுக்கு வடக்கே கரையேறினால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அங்கே கடல் பொங்குவது குறைவு.

இதைக் கருவி இல்லாமலே கொஞ்சம் கண்டுகொள்ளலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. உங்க இடக்கைப் பக்கம்தான் புயலின் நடுப்பகுதி. வாடைக்காற்று மெல்லக் கிழக்குக் காற்றாகத் திரும்பினால் புயல் உங்களுக்குத் தெற்கே போகிறது. வடக்கிலிருந்து மேற்காகத் திரும்பினால் அது வடக்கே போகிறது. திசை மாறாமல் பலம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் நேரே உங்களை நோக்கித்தான் வருகிறது. வானிலைத் துறையிடம் செயற்கைக்கோளும் ரேடாரும் உண்டு. இருந்தாலும் ஒரு நாள் முன்னால் சொல்கிற இடத்தில் சராசரியாக எழுபது, எண்பது கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். "நாகைன்னுதானே சொன்னாங்க, நமக்கென்ன" என்று காரைக்காலிலோ கோடியக்கரையிலோ யாரும் இருந்துவிடக் கூடாது.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. எட்டைவிட ஒன்பது பெரிய புயல் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரிய அபாயம்தான். எட்டு என்றால் துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம். ஒன்பது என்றால் வலப்பக்கம். பத்து என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும்.

கரையேறுவதற்கு 72 மணி நேரம் இருக்கும்போதே முதல் எச்சரிக்கை வந்துவிடும். வேலையை அப்போதே ஆரம்பியுங்க. விளைந்த நெல்லை அறுத்து மேட்டில் ஏற்றுங்க. இளம் சம்பா என்றால் வடிகால் வாயை வெட்டி விடுங்க. தென்னையில் முற்றிய காய்களையும் தொங்குகிற அடிமட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைப்பாரம் குறையும். தென்னைக்குத் தண்ணீர் கட்டுவதை நிறுத்துங்க; ஊறிய மண் வேரைப் பிடிக்காது. முற்றிய வாழைத்தாரை வெட்டிவிடுங்க, பிஞ்சுக்கு முட்டுக் கொடுங்க. 24 மணி எச்சரிக்கைக்குப் பிறகு தோப்பில் யாரும் மரம் ஏற வேண்டாம். அதன்பின் ஆளும் மாடும்தான் முக்கியம். மாட்டைக் கயிற்றோடு கட்டிப் போட்டுவிட்டு வராதீங்க.

புயலின் கண் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். சில சமயம் நட்சத்திரம்கூடத் தெரியும். ஜனங்கள் வெளியே வந்து கூரையைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே பலத்தோடு மறுபடி அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரம் அப்போதுதான் விழும். ஆகவே காற்று ஓய்ந்ததும் கதவைத் திறக்காதீங்க. கைப்பேசிக் கோபுரமும் கரண்டும் போயிருக்கும். பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புயல் முழுக்கக் கடந்துவிட்டது என்று வானொலியில் சொல்கிறவரை உள்ளேயே இருங்க.