துண்டு



துண்டு என்றால் நமக்குத் தோளில் கிடப்பது. தூத்துக்குடிப் பக்கத்து வேம்பார்க் கரையில் அதற்கு ஓய்வே கிடையாது. வேர்வை துடைக்க அதுதான், வெயிலுக்குத் தலையில் கட்ட அதுதான், கருப்பட்டிச் சிப்பம் தூக்கும்போது சும்மாடு கூட்டவும் அதுதான். ஆனால் இதே கடலுக்கு அக்கரையில், இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களில், நூறு வருஷத்துக்கும் முன்னால் ‘துண்டு’ என்றால் வேறொன்று. அது ஒரு காகிதம். ஒரு ஆள் தோட்டத்தை விட்டுக் கிளம்ப முடியுமா முடியாதா என்பது அந்தக் காகிதத்தில் இருந்தது.

மொரீசியஸ், நேட்டால், பிஜி என்று கடல் கடந்து போன கூலிகளின் கதை ஓரளவு நமக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள் அவர்கள். நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஐந்து வருஷக் கட்டு. நம் வேம்பாருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து அழுது பாடினார். கூப்பிடு தூரத்தில் இருந்த இலங்கைக்குப் போனவர்களிடம் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. இலங்கைத் தோட்டத் துரைமார் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்: எங்கள் ஆட்கள் சுதந்திரமானவர்கள், ஒரு மாதம் முன்கூட்டிச் சொன்னால் போகலாம் என்று. சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஏன் போகவில்லை?

பதில் கங்காணியின் மடியில் இருந்தது.

ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போய், தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கிய கங்காணி வேற்று ஆள் இல்லை. சொந்தக்காரன், பக்கத்து ஊர்க்காரன், ஏற்கனவே தோட்டத்துக்குப் போய்ச் சட்டையும் கோட்டுமாகத் திரும்பி வந்தவன். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள் என்பது இலங்கை மலையகத்தில் இன்றைக்கும் சொல்லப்படும் கதை. கடற்கரை ஆளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். மாசி மாலத்தீவிலிருந்து வருகிற கருவாடு, மண்ணில் முளைப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கங்காணி போனது மழையை நம்பிய உள்நாட்டுக் கிராமங்களுக்கு. அங்கே மாசியை விட அவன் நீட்டிய முன்பணம்தான் பேசியது. பழைய கடனை அடைத்துவிட்டுக் கிளம்பலாமே!

இதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் உறுத்தும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1876 ஜனவரியில். தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அதே 1876இல்தான். தண்டவாளமும் பஞ்சமும் ஒரே வருஷம் வந்து சேர்ந்தன. அதுவரை ராமேசுவரம் பக்கம் படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின் தூத்துக்குடி – கொழும்பு வழி பெரிதாகிக்கொண்டே வந்தது. 1890களின் கடைசியில் பிளேக் நோய் பரவவும், நடைபாதையை அடைத்துவிட்டு ஆட்களை எல்லாம் தூத்துக்குடி வழியாகத் திருப்பினார்கள்.

அப்போது முக்கியமான ஊர் தட்டப்பாறை. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே சின்ன ரயில் நிலையம். ஆட்களை அங்கே இறக்கி முகாமில் வைத்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் துறைமுகம். 1901 வாக்கில் இன்னொரு ஏற்பாடும் வந்தது: தகர வில்லை. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சின்னத் தகரம். அது இருந்தால் வழியில் காசு எடுக்க வேண்டாம், ரயிலும் கப்பலும் சாப்பாடும் தோட்டத்துப் பேரில் எழுதப்படும். துரைக்கு வசதி, கங்காணிக்கு வசதி. கழுத்தில் தகரத்தோடு போகிற அம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை அதைப் பிடித்து விளையாடியிருக்கும். அந்தப் பிள்ளையின் செலவும் ஒரு கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடி அன்றைக்கு ஆழமில்லாத துறை. பெரிய கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விடுவார்கள். கடலையே பார்த்திராத சனம் அலையில் படகு தூக்கிப் போடும்போதே வாந்தி எடுத்திருக்கும். ஒரு ராத்திரி, விடிந்தால் கொழும்பு. அங்கிருந்து ராகமை முகாம், பிறகு மலை.

அதே கப்பலில் நம் வேம்பார், மணப்பாடு பக்கத்துப் பரதவ வணிகர்களும் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே கப்பல்தான், ஆனால் மேல்தட்டும் கீழ்த்தளமும் வேறு வேறு ஊர். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டியதும் இதே தடத்தில்தான். அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தத் தடத்தில் தளத்தில் சுருண்டு படுத்துக்கிடந்த கூலிகளைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இனி தோட்டத்துக்கு வருவோம். இறங்கியதுமே ஆள் கடன்காரன். முன்பணம், வழிச்செலவு, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கில். அரிசி தோட்டம் தரும், கூலியில் பிடிக்கும். கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். பெரட்டு என்கிற விடிகாலை ஆள்கணக்கில் வந்து நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அப்படியிருக்க, ஆளை விட அவனுக்கு மனசு வருமா?

துண்டு என்பது துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்ன கங்காணியின் கீழ் உள்ள ஆட்களின் கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு இவர்களை விடத் தயார் என்று அதில் இருக்கும். அதாவது ஒருவனின் கடனே அவனுடைய விலை. அடுத்த தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கங்காணி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கூடுதலாக முன்பணம் தருவார் என்று தோட்டம் தோட்டமாகப் பேசுவான். ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் தொகை ஏறும். ஏறியது ஆளின் தலையில். துண்டு இல்லாமல் ஓடினால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருந்தது: சொல்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறை. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ கதையைப் படித்தவர்களுக்கு, திருநெல்வேலிப் பக்கத்து மருதியை அந்தத் தேயிலைத் தோட்டம் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடல் இதற்கு முன்னும் ஆட்களை ஏற்றி அனுப்பியிருக்கிறது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1673 முதல் 1677 வரை மதுரைச் சீமையில் வறட்சி, கூடவே சண்டை. அந்த ஐந்து வருஷத்தில் இந்தக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை அடிமைகளாக ஏற்றுமதி செய்ததாக அவர்கள் எழுதிவைத்த கணக்கே சொல்கிறது. அடிமைகளாகவே எழுதினார்கள், வேறு பெயர் தேடவில்லை.

கணக்கு என்றதும் முத்துக்குளித்துறையை நினைத்துப் பார்க்கிறேன். சலாபம் என்கிற முத்துக்குளிப்புக் காலத்தில் வேம்பார் ஆளும் மூச்சடக்கி இறங்கினான். சுறாவும் இருக்கும், கயிறும் சிக்கும். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே கரையில் சிப்பியைக் குவித்து, சர்க்காருக்கு இரண்டு பங்கு, குளித்தவனுக்கு ஒரு பங்கு என்று கண் முன்னால் பிரிப்பார்கள். தன் பங்கை அங்கேயே ஏலத்துக்காரனிடம் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். மலைக்குப் போனவன் பறித்த கொழுந்தை நிறுத்ததும் வேறொருவன், எழுதியதும் வேறொருவன்.

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தது. பிறகு மண்டபம் முகாம் பெரிதாயிற்று, தட்டப்பாறையின் வேலை குறைந்தது. 1939இல் இந்திய அரசு கூலியாட்களை இலங்கைக்கு அனுப்புவதையே நிறுத்தியது. 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷத்துச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படித் திரும்பியவர்கள் ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தாத்தா போன அதே கடலில் பேரன் திரும்பி வந்தான். ஊர் தெரியாது, சொந்தம் தெரியாது. முகாமில் அவன் கையில் ஒரு குடும்ப அட்டை கொடுத்தார்கள். எங்கே போய்க் குடியேற வேண்டும் என்பது அதன்படிதான்.

சென்னையிலிருந்து வரும் முத்துநகர் விரைவு வண்டி விடியலில் மணியாச்சியைத் தாண்டியதும், சன்னல் ஓரம் இருந்தால் பாருங்கள். தட்டப்பாறை என்ற பலகை ஒரு நொடி தெரியும்.