நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியா?



ஆங் மோ கியோவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சொந்த ஊர் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கமோ சிவகங்கைப் பக்கமோ ஒரு மனை இருக்கும். சிறுகச் சிறுகச் சேமித்து அங்கே வீடு கட்டுகிறார்கள். தரைக்கு எந்தக் கல், வாசலுக்கு எந்த மரம் என்று தொலைபேசியில் மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் கொத்தனாரின் பொறுப்பில் விடப்படும். அவரும், "எட்டு உறை இறக்கிடலாம், ஆயுசுக்கும் நிரம்பாது" என்பார். கேட்பவருக்கு நிம்மதி. அந்த நிம்மதி சரிதானா என்பதே இன்றைய பேச்சு.

சிங்கப்பூரில் இந்தக் கவலை எழாததற்குக் காரணம் உண்டு. ஆங் மோ கியோவும் ஒரு காலத்தில் கம்பங்களும் ரப்பர் மரங்களும் இருந்த இடந்தான். 1973ல்தான் அங்கே புதுநகர் எழத் தொடங்கியது. சிங்கப்பூரின் கம்பத்து வீடுகளில் வாளிக் கழிப்பறைகள் இருந்தன. யாரோ ஒருவர் வந்து அந்த வாளியைச் சுமந்து சென்றார். அந்த முறை அடியோடு ஒழிந்தது 1987ல். இன்று கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் கழிவுநீர்ச் சுரங்கம் ஓடுகிறது. சாங்கி சுத்திகரிப்பு ஆலை 2009ல் திறக்கப்பட்டது. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி புதுநீராகத் திரும்பி வருகிறது. எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது.

கிராமத்தில் அப்படிப்பட்ட குழாய் இல்லை. அங்கே வீட்டுக்காரர்தான் கழிவுநீர் வாரியம். ஆகவே தொட்டி என்ன வேலை செய்கிறது என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும்.

முறையான செப்டிக் டேங்க் தண்ணீர் கசியாத தொட்டி. கனமான கழிவு அடியில் படியும். எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி, உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். படிந்த கழிவில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மீதி சேர்ந்துகொண்டே வரும். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்படியானால் அடித்தளம் போடாமல் சிமெண்ட் உறை இறக்கிய குழி நிரம்பவே இல்லை என்றால் என்ன பொருள்? அதிலுள்ள நீர் அப்படியே மண்ணுக்குள் போகிறது என்று பொருள். பக்கத்தில் கிணறோ ஆழ்குழாயோ இருந்தால் அதே நீர்தான் குடத்துக்கு வருகிறது. நிரம்பாத தொட்டி பெருமைக்குரியதல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்க்க வேண்டும். கோடையில் வந்து பார்த்துப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் ஒரு சிறு குழி தோண்டி, எத்தனை அடியில் நீர் ஊறுகிறது, ஊற்றிய நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும்.

நீர் மட்டம் ஆழத்தில் இருந்து, குடும்பமும் சிறியதானால் இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். சுலப் இயக்கத்தை 1970ல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக் இந்தியா முழுவதும் பரப்பிய முறை இது. ஒரு குழி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியிலுள்ளது ஓரிரு ஆண்டில் எருவாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் பயன் கெட்டுவிடும். நீர் இறங்கும் மண்ணில் பெரிய குடும்பத்துக்குச் செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் பொருந்தும். களிமண்ணிலும் மழைக்காலத்தில் நீர் மேலே ஏறிவிடும் டெல்டா ஊர்களிலும் உறிஞ்சு குழி வேலை செய்யாது. அங்கே தொட்டியிலிருந்து வரும் நீரைச் சரளைக்கல் வடிகட்டி வழியாகவோ, கல்வாழை வளர்த்த சரளைப் பாத்தி வழியாகவோ விட வேண்டும்.

காற்றூதி வைத்த சிறு சுத்திகரிப்புத் தொட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஜப்பானியக் கிராமங்களில் 'ஜோகாசோ' என்ற பெயரில் இவை நன்றாக இயங்குகின்றன. ஆனால் அவற்றுக்கு இடைவிடாத மின்சாரமும் முறையான பராமரிப்பும் வேண்டும்; உள்ளிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அன்றாடம் தீனியும் வேண்டும். பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் மட்டும் திறக்கப்படும் வீட்டுக்கு அவை ஒத்துவரா.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நெறிமுறை. அண்டை வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். தொட்டிக்குள் நீர் மட்டத்தின் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். காற்றுப்போக்கிக் குழாய் கட்டாயம். மழைநீர் உள்ளே வரக் கூடாது. சமையலறை நீரைத் தனியே பிரித்து வாழைக்கு விட்டால் தொட்டியின் சுமை குறையும். கட்டி முடித்ததும் மண் மூடுமுன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, லாரியின் குழாய் எட்டும் இடத்தில் தொட்டியும், எளிதில் திறக்கும் மூடியும் இருக்க வேண்டும். மூடிக்கு மேல் டைல்ஸ் பதித்துவிட்டு, அடைத்துக்கொண்டதும் ஓர் ஆளை உள்ளே இறக்குவது கொலைக்குச் சமம். மூடிய தொட்டியில் சேரும் நச்சு வாயு நொடியில் உயிரைப் பறிக்கும். காப்பாற்ற இறங்குகிறவரும் மடிவார். பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014ல் விதித்த 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, 2023ல் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்பாது.

அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது கொத்தனாரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். தொட்டிக்கு அடித்தளம் உண்டா? கிணறு எவ்வளவு தூரம்? லாரி எதுவரை வரும்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்த பிறகு தரைக் கல்லைப் பற்றிப் பேசலாம்.