ஆங்கிலச் சொற்றேர்வும் தாய்மொழி அறிவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆங்கிலத்தில் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும் சொற்கள் பல. அவற்றுள் எதனை எங்கே வழங்குவது என்பது நம் மாணவர்க்கு நாள்தோறும் எழும் ஐயம். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெடும் என்று அஞ்சும் பெற்றோரும் நம்மிடையே உளர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இவ்வுரையின் கருத்து.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் புகுந்தன. கல்வியின் வழியாக இலத்தீன் சொற்கள் வந்தன. ‘ஆஸ்க்’ என்பது பழைய ஆங்கிலம். ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘இன்டராகேட்’ இலத்தீன் வழியது. தாய் மகனைக் கேட்பது முதலாவது. காவலர் குற்றவாளியைத் துருவித் துருவிக் கேட்பது மூன்றாவது. மூன்றற்கும் ‘கேட்டல்’ என்றே பொருள் மனப்பாடம் செய்த மாணவன், தன் அன்னையைக் காவல் அதிகாரி ஆக்கிவிடுவான்!

இந்நுட்பம் தமிழர்க்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒன்றை வேண்டிப் பெறும் சொற்களே. ஆயினும் தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான், ஒத்தோன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்று வகுத்தார் தொல்காப்பியர். சொல்லின் பொருளை மட்டுமன்றி, சொல்வோன் நிற்கும் இடத்தையும் அவர் அளந்தார். விடுமுறை வேண்டித் தலைமை ஆசிரியர்க்கு எழுதும் மாணவன் ‘டிமாண்ட்’ என்னாது ‘ரெக்வெஸ்ட்’ என்று எழுதவேண்டுவதும் இக்காரணம் பற்றியே அன்றோ?

நம்மவர் திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளைத் தொகுத்தனர். ஆங்கிலத்திற்கு ரோஜே என்பார் 1852-இல் பொருள்வகைச் சொற்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். இவை நகைக்கடைத் தட்டுப் போன்றவை. எல்லாவற்றையும் நம்முன் பரப்பும். எது நமக்குப் பொருந்தும் என்பதை நாமே அறிதல் வேண்டும்.

அவ்வாறு தேர்ந்தெடுப்பதில் வல்லவர் ஒருவரைப் பெற்ற பெருமை இம்மைசூரு மாநகர்க்கே உரியது. அவர்தாம் ஏ. கே. இராமானுஜன். 1929-இல் இங்குப் பிறந்து, மகாராஜா கல்லூரியில் பயின்றவர். இல்லத்தில் அன்னையுடன் தமிழ், தந்தையாருடன் ஆங்கிலம், தெருவிலே கன்னடம் என்று வளர்ந்தவர். நம் குழந்தைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1962-இல் சிகாகோப் பல்கலைக்கழக நூலகத்தில், உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணிற் பட்டது. அதிலிருந்து சில பாடல்களை ஆங்கிலமாக்கி 1967-இல் வெளியிட்டார்.

அந்நூலுக்கு ‘தி இன்டீரியர் லாண்ட்ஸ்கேப்’ என்று பெயரிட்டார். ‘இன்னர்’ என்பது மனத்தைச் சுட்டும். ‘இன்டர்னல்’ என்பது மருத்துவர்க்கும் கணக்கர்க்கும் உரியது. ‘இன்டீரியர்’ என்பதோ வீட்டின் உட்புறத்தையும் நாட்டின் உட்பகுதியையும் ஒருங்கே உணர்த்தும். தமிழில் அகம் என்பது மனமும் ஆம், மனையும் ஆம். அகப்பாடலில் நிலமும் உண்டு. இவ்வளவையும் தாங்கவல்ல சொல் எது என்பதை அகத்தின் பொருள் அறிந்தவரே கூறவல்லார்.

1981-இல் நம்மாழ்வார் பாசுரங்களை மொழிபெயர்த்து, ‘ஹிம்ஸ் ஃபார் தி டிரௌனிங்’ என்று பெயரிட்டார். ஆழ்வார் என்போர் ஆழ்ந்தவர். ‘டைவ்’ என்றால் தானே குதித்து மீண்டு வருதல். ‘சிங்க்’ என்பது கல்லுக்கும் கப்பலுக்கும் பொருந்தும். மூச்சுள்ள உயிர் நீருள் தன்னை இழப்பதே ‘டிரௌன்’. இறைவனிடத்தே மீளாது ஆழ்ந்தவர்க்கு இதனினும் ஏற்ற சொல் ஏது?

யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ என்னும் கன்னட நாவலை 1976-இல் ஆங்கிலமாக்கியபோது, அத்தலைப்பை மாற்றாமலே விட்டார். பண்பாடு, சடங்கு, ஈமக்கடன் ஆகிய பல பொருளும் அச்சொல்லில் உள. அனைத்தையும் ஏற்கும் ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. பொருந்தும் சொல் இல்லாதவிடத்து எதனையும் திணியாமையும் தேர்ச்சியே ஆகும்.

அன்பர்களே! இவர் ஆங்கிலத்தைத் தமிழும் கன்னடமும் கெடுத்தனவா? அவையே உரைகல்லாக நின்று அதனைப் பொன்னாக்கின. தான் சொல்லவந்தது இன்னது என்று தெளிந்தவனுக்கே சொற்றேர்வு கைவரும். அத்தெளிவைக் குழந்தை முதற்கண் பெறுவது தாயின் மொழியில். ‘வருத்தம் வேறு, ஏக்கம் வேறு’ என்று தமிழில் உணராத பிள்ளை, ‘ஸாரோ’, ‘லாங்கிங்’ என்னும் இரண்டனுள் எதனைத் தேர்வான்?

ஆதலின், பெற்றோர்களை வேண்டிக்கொள்வது இதுவே. பிள்ளைகள் ஆங்கிலப் பாடம் படிக்கையில் புதிய சொல் வந்தால், அதற்கு நிகரான தமிழ்ச் சொல் யாது, கன்னடச் சொல் யாது, எது எங்கே வேறுபடுகின்றது என்று அவர்களுடன் அமர்ந்து ஆராயுங்கள். மும்மொழி வழங்கும் ஊரில் வாழ்வது நமக்குச் சுமையன்று, பெரும்பேறு.