பயிர் உண்ணும் நீரும் செய்மதியின் கணக்கும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திருகி நீர் பெறுவோர்க்குப் பயிரின் தாகத்தைப் பற்றி என்ன கவலை என்று உங்களிற் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் இச்சபையில் இருப்போருட் பலருக்கு வடக்கிலோ கிழக்கிலோ ஒரு துண்டுக் காணியேனும் உண்டு; அக்காணியிற் கிணறும் உண்டு. ஆகையால் தயங்காது தொடங்குகின்றோம்.

வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினோம் என்பது ஒரு கணக்கு. பயிர் எவ்வளவு நீரை உண்டது என்பது வேறொரு கணக்கு. பாய்ச்சிய நீரில் ஒரு பங்கு நிலத்துட் கசிந்து மீண்டும் கிணற்றைச் சேரும். ஒரு பங்கு வாய்க்கால் வழியே கடலுக்கோ கடனீரேரிக்கோ ஓடிவிடும். மற்றது மண்ணிலிருந்து ஆவியாகியும் இலைவழியே ஆவியுயிர்ப்பாகியும் வானேறும். வானேறிய இந்நீரையே பயிரின் நீர்ச்செலவு என்பர். நெற்பயிருக்கு வெயில் நாளொன்றில் இது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். அற்பமாகத் தோன்றும் தொகைதான். எனினும் 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரில் அது ஏறக்குறைய 20,000 லீற்றர். ஒரு பரப்புக்கு நாளொன்றுக்கு 1,250 லீற்றருக்கு மேல்! துலா மிதித்து இறைத்த எமது பாட்டன்மார் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். அவர்களுடைய கால்களும் தோள்களும் இதனை முன்பே அறிந்திருந்தன.

இதனை அளப்பது எவ்வாறு? மண்ணோடு பயிரையும் ஒரு தொட்டியில் வைத்து நிறுத்துப் பார்ப்பது பழைய முறை. வெயில், காற்று, ஈரப்பதன், வெப்பநிலை ஆகிய நான்கையுங் கொண்டு கணித்தறியும் வழியை 1948இல் பென்மன் என்னும் ஆங்கில விஞ்ஞானி வகுத்தார். அதன் திருந்திய வடிவத்தை உலக உணவு விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்டது. இவையெல்லாம் ஓரிடத்துக் கணக்கைச் சொல்லுமேயன்றி, ஆயிரம் ஏக்கரின் கணக்கைச் சொல்லமாட்டா.

இங்கேதான் செய்மதி வருகின்றது. செய்மதி ஆவியைக் காண்பதில்லை என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். அது காண்பது நிலத்தின் சூட்டை. மண்பானை நீர் ஏன் குளிர்கின்றது? பானையின் புறத்தே கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகின்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாயூல் சக்தி வேண்டும். நீருண்ட பயிரும் அப்படியே குளிர்ந்திருக்கும். வாடிய பயிர் சூடேறும். இனி, புறக்கோட்டைக் கடைக்காரர் போல வரவு செலவு பார்க்கலாம். ஞாயிற்றிடமிருந்து நிலம் பெற்ற நிகரச் சக்தி வரவு. மண்ணைச் சூடாக்கியது ஒரு செலவு; காற்றைச் சூடாக்கியது இன்னொரு செலவு. இரண்டையுங் கழிக்க எஞ்சுவது நீரை ஆவியாக்கிய சக்தி. ஒல்லாந்தரான விம் பஸ்தியான்சன் 1990களில் வகுத்த 'செபல்' என்னும் முறை இதுவே. ஒரே படத்துள் வரண்ட நிலமொன்றையும் நீர் நிறைந்த நிலமொன்றையும் இரு எல்லைகளாக வைத்து மற்ற இடங்களை அவற்றின் நடுவே நிறுத்துவர். அவ்விரு இடங்களையும் தெரிபவரின் கண் தவறினால் கணக்கும் தவறும் என்பது எமது எண்ணம்.

இம்முறை எமது நாட்டிலேயே பரீட்சிக்கப்பட்டது. பத்தரமுல்லையில் இயங்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாகப் பஸ்தியான்சனும், வளிமண்டலவியல் திணைக்களத்தைச் சேர்ந்த லால் சந்திரபாலவும் 1999 யூன் தொடக்கம் 2000 யூன் வரை இலங்கை முழுவதற்கும் செய்மதிப் படங்களைக் கொண்டு நீர்க்கணக்கு எழுதினர். அதே காலத்தில் ஹொரணையில், தூரத்தே நிறுத்திய இரு கருவிகளுக்கிடையே ஓர் ஒளிக்கதிரைச் செலுத்தி, அது காற்றிலே துடிக்கும் அளவைக் கொண்டு, காற்றைச் சூடாக்கிய சக்தியை அளந்தனர். காலி வீதியில் நண்பகலில் நாம் காணும் கானலின் துடிப்பும் இதே இனத்தது. கானலைக் கொண்டு மெய்யான நீரைக் கணக்கிடுவது வேடிக்கையன்றோ! இவ்வாறு தரையிலே சரி பார்க்காத செய்மதிக் கணக்கு, சாட்சியில்லாத உறுதி போன்றது.

குறைகளும் உள. பெரும்போகத்திலே மாரி முகில் மூடினால் சூடு அளக்கும் செய்மதி குருடாகும். முகிலை ஊடுருவும் ரேடார்ச் செய்மதிகள் வயல் எங்கே உள்ளதென்று காட்டும். அதன் சூட்டைக் காட்டா. இன்னொன்று எமது ஊர்க்காரருக்கு மிகவும் நெருங்கியது. 705 கிலோமீற்றர் உயரத்திற் பறக்கும் லான்ட்சற் 8 செய்மதியின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 100 மீற்றர் சதுரம். அதாவது சுமார் 40 பரப்பு. யாழ்ப்பாணத்தில் 40 பரப்புக்குள்ளே வெங்காயத் தறை, புகையிலைத் தறை, பனைவடலி, வீடு, ஒழுங்கை யாவும் அடங்கிவிடும்! அவற்றின் சூடெல்லாங் கலந்த ஒரேயொரு தொகையை வைத்து வெங்காயம் உண்ட நீரை எப்படிச் சொல்வது? அங்கே தரையளவே துணை. தறை தறையாக மண்ணீரத்தையும் கிணற்று மட்டத்தையும் குறிக்கவேண்டும். ஆறில்லாத சுண்ணக்கல் நாட்டில், மிதமிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். மிதமிஞ்சிப் பாய்ச்சினால் உரத்தின் நைத்திரேற்று கிணற்றுக்கே திரும்பும்.

கிளிநொச்சியின் விரிந்த வயல்களோ செய்மதிக்கு ஏற்றவை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் 2010ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்டபோது, கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். குடிநீரின்றி வாடுவோரும் எம்மவர். சிறுபோகத்துக்கு நீரின்றி வயலைத் தரிசாக விடுவோரும் எம்மவர். பின்னர் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்து, 2024இல் திறக்கப்பட்டது. இத்தகைய பிணக்குகளில் துருசாற் திறந்த நீர் எவ்வளவு என்று மட்டும் பேசுவது போதாது. அதில் நெல் உண்டது எவ்வளவு, வாய்க்காலிற் சென்றொழிந்தது எவ்வளவு என்று பிரித்தறிந்தால், கமக்காரனின் ஒரு பிடி நெல்லும் குறையாமல் மிச்சம் பிடிக்க இடமுண்டா என்பது தெரியும். இல்லையெனின், அவனுடைய அச்சம் நியாயமானதென்பதும் இலக்கத்திலே தெரிந்துவிடும்.

லான்ட்சற் படங்கள் 2008 முதல் எவர்க்கும் இலவசம். சிறுபோகத்தில் வானம் வெளித்திருக்கும். விஞ்ஞானம், பொறியியல் கற்கும் அங்கத்தவர் மூவர் சேர்ந்தால் இரணைமடுவின் கீழுள்ள வயல்களின் ஒரு போகக் கணக்கை எழுதிப் பார்க்கலாம். விருப்பமுள்ளோர் கூட்ட முடிவில் எம்மைச் சந்திப்பார்களாக.