ஏறுகிற வண்டியா, இறங்குகிற வண்டியா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சங்கச் செயலாளர் என்னிடம் "பிரேக் கம்பெனியில் இருக்கிறாய், ஏதாவது உன் தொழிலைப் பற்றிப் பேசு, ஆனால் தூங்க வைத்து விடாதே" என்றார். முதல் பாதியை நிறைவேற்றி விடுவேன். இரண்டாவது பாதிக்கு உத்தரவாதம் இல்லை, சாப்பாடு பலமாக இருந்தது.

போன மாதம் ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு போன் வந்தது. முதலாவது அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் நம் கல்லூரிக்காரர். குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும், படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், அதை இழுக்கப் பழைய பெரிய எஸ்.யு.வி. ஒன்று வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டார். இரண்டாவது போன் கோம்பையிலிருந்து. என் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். உர மூட்டை, மருந்தடிக்கும் மோட்டார், தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஒரு ரெண்டு சக்கர ட்ரெய்லரில் போட்டு இழுக்க, பழைய ஜீப்போ பொலிரோவோ வாங்கணும், "நல்லா இழுக்கிற இன்ஜினா சொல்லுடா" என்றான்.

ஒருவருக்குப் பல்லாயிரம் டாலர், இன்னொருவனுக்கு ரெண்டு லட்சம் ரூபாய். கேள்வி ஒன்றுதான். இரண்டு பேரும் இழுப்பைப் பற்றியே கேட்டார்கள். இறங்குவதைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

தம்பிகள் பேப்பர் பேனா வைத்திருந்தால் ஒரு கணக்குப் போடுவோம். வண்டி 2,000 கிலோ, ட்ரெய்லர் பாரத்தோடு 1,500 கிலோ, ஆக 3,500 கிலோ. போடிமெட்டு போல ஆயிரம் மீட்டர் உயரத்தை 16 கிலோமீட்டரில் ஏறுவதாக வைத்துக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக எவ்வளவு சக்தி தேவை? டயர் உருளும் உராய்வையும் சேர்த்துச் சுமார் 30 குதிரைத்திறன். அவ்வளவுதான். பழைய டீசல் ஜீப்பிலும் அதற்கு மேலேயே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத இன்ஜின் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், அப்போதும் கட்டுபடியாகும். கொஞ்சம் புகை விடும், ரேடியேட்டர் சூடாகும், நிறுத்தி ஒரு டீ குடித்து விட்டுப் போகலாம். ஏற முடியாத வண்டி நின்று விடும். அதனால் யாரும் சாவதில்லை.

இப்போது அதே மலையில் இறங்குவோம். அந்த 3,500 கிலோ ஆயிரம் மீட்டர் கீழே வரும்போது வெளிப்படுகிற சக்தி சுமார் 34 மெகா ஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் ஒன்பதரை யூனிட். அதில் கால் பங்கை டயர் உருள்வதே தின்று விடும் என்று தள்ளுங்கள். மிச்சம் இருப்பது 26 மெகா ஜூல், ஏறத்தாழ 90 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு. ஒரு கல்யாண அண்டா! கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக் கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுவதும் நாலு பிரேக் டிரம்மின் தலையில்தான். அங்கே உள்ளங்கை அகல லைனரும், ஒரு டம்ளர் பிரேக் ஆயிலும் மட்டுமே இருக்கின்றன.

அந்த ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நாள்பட்டு ஈரம் ஏறியதும் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம் என்கிறது தரக் கணக்கு. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும், வண்டி நிற்காது. பழைய வண்டி விற்கிறவர் பெயின்ட் அடித்திருப்பார், சீட் கவர் மாற்றியிருப்பார். பிரேக் ஆயில் மாற்றியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நான் கம்பெனியில் சேர்ந்து கற்றுக் கொண்டேன் என்றால் அது முழு உண்மை ஆகாது.

2008-ல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு. என் தாய்மாமா பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தார். போடியிலிருந்து விடியற்காலையில் ஆள் ஏற்றி, உடும்பஞ்சோலைப் பக்கத் தோட்டங்களில் இறக்கி, சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருகிற ட்ரிப். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பம், தேவாரம், போடி எங்கேயும் ஆறு மணிக்குள் தூக்குச் சட்டியோடு பெண்கள் ஜீப்புக்கு நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம். மாமா வண்டி பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா பார்த்தார். முந்தல் வரை ஓட்டிக் கொண்டு போய் மேட்டில் ரெண்டாவது கியரில் ஏற்றினார். "இன்ஜின் சிங்கம்டா மாப்ளே" என்றார். உண்மையிலேயே சிங்கம்தான். சக்கரத்தை மட்டும் கழற்றவில்லை.

களை வெட்டுகிற வேலைக்கு நானும் போனேன், செலவுக்காச்சே. மூன்றாவது வாரம், சாயங்காலம், லேசான மழை. வண்டியில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். இறங்கும்போது கொண்டை ஊசி ஒன்றில் மாமா பெடலை மிதிக்கிறார், மறுபடி மிதிக்கிறார், மூன்றாவது தடவை "சாமி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கியரைக் குறைத்து, மலைப்பக்கம் சாக்கடைப் பள்ளத்தில் இறக்கிப் பாறையில் உரசி நிறுத்தினார். எதிர்ப் பக்கம் திருப்பியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு வேறு பேச்சாளர்.

யாரும் சாகவில்லை. பின் படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, எங்களுக்குப் பெரியம்மா முறை, கால் முறிந்தது. ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. மாமா அத்தையின் சங்கிலியை விற்று வைத்தியம் பார்த்தார். அந்தப் பெரியம்மா இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். என்னைப் பார்த்தால் "பிரேக் ஆபீஸா" என்று கூப்பிடுவார்.

மறுநாள் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினோம். பின்னால் ஒரு வீல் சிலிண்டர் ஒழுகி லைனரெல்லாம் ஆயில். மறுபக்கம் லைனர் தேய்ந்து ரிவெட் டிரம்மில் கோடு போட்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ரெண்டு சீட் கூடுதலாகப் போட யாரோ சேஸை வெட்டி நீட்டி வெல்டிங் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் கறுப்புப் பெயின்ட். அரை மணி நேர வேலை, நாலு நட். அதைச் செய்யாமல் வாங்கினோம்.

2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. அவர்களும் இறங்கிக் கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சரி, அரிசோனாக்காரருக்கு வருவோம். அவருக்கு ஒரு வசதி. அங்கே இழுவைத் திறனைச் சோதிக்க ஜே 2807 என்று ஒரு தரம் இருக்கிறது. 2011 மாடல் வண்டிகளுக்கு டொயோட்டா அதை முதலில் ஏற்றுக் கொண்டது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அதில் ஒரு சோதனை அவர் மாநிலத்திலேயே டேவிஸ் அணைக்குப் பக்கத்து ஏற்றத்தில் நடப்பது. சுமார் 18 கிலோமீட்டர், 900 மீட்டர் உயரம், 38 டிகிரி வெயில், ஏ.சி. முழு வேகத்தில். போடிமெட்டுக்குத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள், கொண்டை ஊசிகள் பதினேழும் இல்லாத தம்பி.

ஆனால் அந்த இழுவை எண்ணைப் பார்த்து அவர் ஏமாறப் பார்த்தார். அவர் பார்த்த எஸ்.யு.வி. 3,700 கிலோ இழுக்கும் என்று விளம்பரம். ட்ரெய்லர் சாமானோடு 2,700 கிலோ. "ஆயிரம் கிலோ மிச்சம் இருக்கே" என்றார். டிரைவர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள் என்றேன். ஆளும் சாமானும் சேர்த்து 640 கிலோவுக்கு மேல் கூடாது என்று இருந்தது. ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் கொக்கி மேல் அழுத்துகிற பாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12 என்று வைத்தால் 324 கிலோ. கொக்கிச் சட்டம் 40. குடும்பம் நாலு பேர் 240. பின்னால் பெட்டி படுக்கை 60. கூட்டினால் 664. இழுக்க ஆயிரம் கிலோ மிச்சம் இருக்கிற வண்டி, சுமப்பதில் 24 கிலோ தோற்றுப் போகிறது. சின்ன ட்ரெய்லராகப் பாருங்கள், இல்லையென்றால் 2013 மாடல் வரை விற்ற சபர்பன் 2500 போலக் கனத்த பட்டை உள்ள வண்டியாகத் தேடுங்கள், கியர் பாக்ஸ் ஆயிலுக்குத் தனிக் கூலர் இருக்கிறதா, ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் இருக்கிறதா பாருங்கள் என்று சொன்னேன். வீட்டம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மூக்குப் பாரத்தை ஏன் குறைக்கக் கூடாது என்று கேட்டார். நம் தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து போச்சு. பின்பாரமானால் நுகம் மேலே தூக்கும். ட்ரெய்லரிலும் அதேதான், வேகம் மட்டும் கூடுதல். பின்பாரமானால் வால் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் இழுக்கிற வண்டியையும் பிடித்துக் கொள்ளும்.

கோம்பைக்காரன் விஷயம் இன்னும் கஷ்டம். நம் பக்கம் பட்டறையில் செய்கிற சின்ன ட்ரெய்லரில் பிரேக் என்பதே பெரும்பாலும் இருக்காது. இறக்கத்தில் அது ஜீப்பைத் தள்ளும். வளைவில் மிதித்தால் ட்ரெய்லர் முன்னால் போகப் பார்க்கும், ஜீப் நடுவில் மடங்கும். மழையில் கேட்கவே வேண்டாம். அதனால் அவனிடம் முதலில் சொன்னது: ட்ரெய்லரே வேண்டாமடா, பிக்கப் வண்டி வாங்கி பாரத்தை அதன் மேலேயே போடு, நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கும். தோட்டத்துக்குள் ட்ரெய்லரைத் தனியாக விட்டு வர வேண்டிய தேவை இருக்கிறது என்றான். அப்படியானால் ட்ரெய்லருக்கும் பிரேக் வை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும், அதையும் முடி, ஆள் ஏற்றும் நாளில் ட்ரெய்லரைக் கழற்று என்றேன். "உன்கிட்ட கேட்டா செலவுதான்" என்றான்.

வண்டி பார்க்கப் போகிற தம்பிகள் இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். முதலில் அடியில் படுத்துச் சேஸைப் பாருங்கள். புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள், விற்பவர் கோபித்துக் கொண்டால் பரவாயில்லை. நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டுக் காலை எடுங்கள். ஸ்டியரிங்கில் எத்தனை விரல் ஆட்டம் இருக்கிறது பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியென்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மேட்டில் ஏற்றிக் காட்டுவார்கள். நீங்கள் கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், ஏறிய அதே கியரில். கியர் கழன்று நியூட்ரலுக்குத் துள்ளினால் அந்த வண்டியை அங்கேயே விட்டு விட்டு பஸ் பிடித்து வாருங்கள்.

அதற்குப் பிறகு இன்ஜின். அது கொஞ்சம் சுமாராக இருந்தாலும் செய்து கொள்ளலாம், போடியில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

நேரமாகி விட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. கோம்பை நண்பன் விலை பேசி வைத்திருக்கும் ஜீப் நம் வாசல் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. விற்கிறவரும் கூடவே வந்திருக்கிறார், இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டார் என்பதால் முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது. மெக்கானிக்கல் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் வந்தால் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து விடலாம். ஜாக்கியும் வீல் ஸ்பானரும் என் காரில் இருக்கின்றன.