சென்று சேரும் வழியும் ஆராய்ச்சியே

மருத்துவம், பொறியியல், இயன்முறை மருத்துவம், செவிலியம் என்று தனித்தனிக் கட்டடங்களில் படித்து இன்று பட்டம் பெறும் நீங்கள் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் அனைவரும் கைகோக்காமல் ஓர் அடிகூட நகராத துறை ஒன்று உண்டு. மருத்துவ ரோபோ ஆராய்ச்சி என்ற அந்தத் துறையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு மருத்துவ எந்திரம் என்ன செய்யும் என்பது ஆராய்ச்சியின் பாதி. அதை யார் இயக்குவார், என்ன விலைக்குக் கிடைக்கும், பழுதானால் யார் சரிசெய்வார், அதனால் நோயாளிக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பவை மறுபாதி. இந்த மறுபாதியை வணிகரிடமும் அரசிடமும் விட்டுவிட்டு ஆய்வகக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் உங்கள் தலைமுறையோடு ஒழிய வேண்டும்.

அறுவை சிகிச்சை ரோபோவின் கதை 1985இல் தொடங்குகிறது. தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்ட பூமா 560 என்ற எந்திரக் கையைக் கொண்டு மூளைத் திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டினார்கள். 2000இல் டாவின்சி ரோபோவுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். அவர் கையின் மெல்லிய நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கருவி மணிக்கட்டுப்போல் வளைந்து வேலை செய்கிறது. இது அரிய சாதனை. சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல், ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் இத்தகைய வசதி வந்தது. வசதி படைத்தவருக்கு மட்டுமே என்றிருந்த சிகிச்சை அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தது பெருமைக்குரியது. குருகிராமில் உருவான எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற இந்திய ரோபோவும் இன்று அறுவை அரங்குகளில் இருக்கிறது.

ஆனால் நுட்பம் கூடினால் பலனும் தானாகக் கூடிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் செய்யும் பெரிய அறுவையைப் பற்றிய பன்னாட்டு ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறையையும் சிறுதுளை முறையையும் அது ஒப்பிட்டது. சிறுதுளை அறுவைகளில் பெரும்பாலானவை லேப்பராஸ்கோப்பி, ஒரு பகுதி ரோபோ. நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் பழைய முறையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை முறையில் 86 விழுக்காடு. தழும்பு சிறிது, வலி குறைவு, வீடு திரும்புவது விரைவு என்று எல்லோரும் நம்பிப் பரப்பிய ஒரு முறை, உயிர்காக்கும் கணக்கில் பின்தங்கியிருந்தது. வேறு பல அறுவைகளில் சிறுதுளை முறை நன்மை தந்திருக்கிறது, தருகிறது. எந்த நோய்க்கு எது உதவும் என்பதை நோயாளியின் வாழ்நாளை வைத்து அளந்தால்தான் தெரியும் என்பதே இதன் பாடம். அப்படி அளப்பதும் ஆராய்ச்சிதான்.

மறுபாதி ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்பதற்கு உலகம் படிக்க வரும் பாடம் இந்த மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், அந்த விரல்களுக்கேற்ற கருவிகளைக் கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருக்கும்படி அங்கே வேலையைப் பிரித்து அமைத்தார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, ஆயத்தப் பணிகள் அனைத்துக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்க அப்போது ஏறத்தாழ நூறு டாலர் ஆயிற்று. அதனால் ஏழைகளுக்குக் கண்புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியே கொடுக்க முடிந்தது. 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பகத்தைத் தொடங்கி இங்கேயே லென்ஸ் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு விலை பத்து டாலரளவுக்கும், பின்னர் அதற்கும் கீழேயும் இறங்கியது. லென்ஸைக் கண்டுபிடித்தது லண்டன், 1949இல். அதை நம் ஊர்ப்புறத்து உழவரின் கண்ணுக்குக் கொண்டுசேர்த்த ஆராய்ச்சி மதுரையுடையது.

லென்ஸ் சின்னஞ்சிறு பொருள், மோட்டாரும் உணரியும் மென்பொருளும் கொண்ட ரோபோவோடு அதை எப்படி ஒப்பிடுவது என்று பொறியாளர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயினும் எவ்வளவு சிக்கல் வேண்டும் என்பதும் வடிவமைப்பவர் எடுக்கும் முடிவுதான். பக்கவாதம் வந்தவரின் கைக்குப் பயிற்சி தர வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற ரோபோவைப் பாருங்கள். அதில் இருப்பது ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்க, முன்கையைத் திருப்ப, விரல்களை விரித்து மூட என்று ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கைப்பிடியை மாற்றிப் பூட்டிக்கொள்கிறார்கள். அசைவுக்கு ஒரு மோட்டார் வைத்திருந்தால் காட்சிக்கு இன்னும் அழகாக இருந்திருக்கும், விலையும் பழுதும் கூடியிருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமாகவே எழுந்து நிற்க உதவும் அரைஸ் நாற்காலியையும் ஐஐடி குழு 2019இல் வெளியிட்டது. எதை விலக்கலாம் என்று தேடுவதற்கும் கூர்மையான பொறியியல் அறிவு வேண்டும்.

காலோடு பூட்டிக்கொண்டு நடக்கும் எக்சோஸ்கெலிட்டன்களுக்கு இந்தப் பாடம் மிகவும் தேவை. தண்டுவடம் அடிபட்டவர் வீட்டிலும் வெளியிலும் அணிந்து நடக்க, ரீவாக் என்ற கருவிக்கு 2014இல் அமெரிக்கா முதன்முதலாக ஒப்புதல் தந்தது. அதன் விலை பல்லாயிரம் டாலர். ஊன்றுகோலும் சமதளமும் இல்லாமல் அதை அணிந்து நடப்பது கடினம். 2024இல் அமெரிக்காவில் ஒருவருக்கு, இத்தகைய கருவியோடு வந்த கைக்கடிகாரத்தில் பேட்டரி இணைப்பு பழுதாகிவிட்டது. கருவிக்கு ஐந்தாண்டு கடந்துவிட்டதால் நிறுவனம் முதலில் பழுதுபார்க்க மறுத்தது. ஒரு சிறு கம்பிக்காக அவர் நடை நின்றுபோனது. செய்தி பரவிய பிறகே அது சரிசெய்யப்பட்டது. செல்வ நாட்டில் நடந்தது இது. தென்னையிலிருந்து விழுந்தோ நான்குவழிச் சாலையில் அடிபட்டோ படுத்திருக்கும் உசிலம்பட்டிக்காரருக்கும் மேலூர்க்காரருக்கும், வரப்பும் வாய்க்காலும் வாசற்படியும் தாண்டத் தெரியாத, மதுரையில் உதிரிபாகம் கிடைக்காத கருவி எத்தனை நாள் உழைக்கும்?

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே இன்னும் ஆள் வேண்டியிருக்கும்போது ரோபோவுக்குப் பணம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. இதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. பிரிட்டனில் பக்கவாத நோயாளிகள் 770 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ரோபோவோடு பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் கையைவிட அன்றாடச் செயல்களில் மேம்படவில்லை, செலவுக்கேற்ற பலனும் இல்லை என்றது அது. மறுப்பவருக்கு இது வலுவான சான்று. ஆனால் அந்த ஆய்வில் ரோபோ மோதியது, இயன்முறை மருத்துவர் எளிதில் கிடைக்கும் நாட்டின் சிகிச்சையோடு. பேரையூரிலிருந்து ஒருவர் பயிற்சிக்காக நகரத்துக்கு வந்தால் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒருநாள் கூலி போகிறது. சில வாரங்களில் வருவதே நின்றுவிடுகிறது. இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஓர் இயன்முறை மருத்துவரின் நேரத்தில், ஒருவருக்குப் பதில் நால்வருக்கு அதே தரத்தில் பயிற்சி கிடைக்குமா? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே செல்கிறது. அந்தப் பணியாளர் கொண்டுசெல்லும் எளிய கருவியாக ரோபோ மாறுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை லண்டனில் கிடைக்காது. இங்கே, நம் நோயாளிகளிடம் நேர்மையாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும். பயனில்லை என்று முடிவு வந்தால் அதையும் வெளியிட்டு, பணத்தைப் பணியாளர்களுக்கே செலவிட வேண்டும்.

செல்பேசி விலை இறங்கியதுபோல் ரோபோ விலையும் தானே இறங்கும், பொறுங்கள் என்பவர்களும் உண்டு. செல்பேசியைக் கோடிக்கணக்கானோர் வாங்கினார்கள். அறுவை ரோபோவை ஒரு மருத்துவமனை ஒன்றோ இரண்டோதான் வாங்கும். சில அறுவைகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டிய கருவிமுனைகளுக்கும் ஆண்டுப் பராமரிப்புக்கும் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். காத்திருந்ததால் லென்ஸ் விலை இறங்கவில்லை, செய்யக் கற்றதால் இறங்கியது. ஏழைக்கு மலிவுச் சரக்கு கொடுப்பது இரண்டாந்தர மருத்துவம் ஆகாதா என்ற அச்சத்துக்கும் அதுவே பதில். மதுரை லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கிறது. விலையைக் குறைத்தவர்கள் தரத்தைக் குறைக்கவில்லை.

ஆகவே பட்டதாரிகளே, உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். பொறியாளர்களே, வரைபடம் போடும் முன் இராசாசி அரசு மருத்துவமனையின் இயன்முறைப் பிரிவில் போய் அமர்ந்து, நோயாளி எதற்காக வருகிறார், ஏன் வராமல் நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் கருவியைத் திறந்து பழுதுபார்க்கும் முறையை எழுதி, அதோடு சேர்த்தே கொடுங்கள். மருத்துவர்களே, புதிய எந்திரத்தின் பெயரால் உங்கள் மருத்துவமனை புகழ்பெறும்போதும், ஐந்தாண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்ற பதிவேட்டைக் கைவிடாதீர்கள். இயன்முறை மருத்துவர்களே, செவிலியர்களே, எந்திரத்தை நாள்தோறும் கையாளப்போவது நீங்கள். வடிவமைப்பு மேசையில் உங்களுக்கு இடம் கேட்டு வாங்குங்கள். கண் மருத்துவத்தில் இந்த ஊர் செய்து காட்டியதைக் கைக்கும் காலுக்கும் செய்யும் பொறுப்பு இனி உங்களுடையது. அந்த வேலைக்குத் தேவையான கல்வி உங்களிடம் இருக்கிறது. அதை முழுமையாகச் செலவிடுங்கள்.