காலை ஆறு முதல் எட்டு வரை பிள்ளை யார் கையில்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு எந்த நோட்டிலும் எழுதாத ஒரு கணக்கைப் பேசுவோம். நீங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம் ஒன்று. பள்ளிக்கூடக் கேட் திறக்கிற நேரம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரத்தில், ஒண்ணாப்பு ரெண்டாப்பு படிக்கிற பிள்ளை யார் கையில் இருக்கிறது?

நம்ம பக்கத்துக் காலை

ராஜபாளையத்தைச் சுற்றி நூல் மில்லுகள். காலை ஷிப்ட் ஏழு மணி என்றால் மில்லு வேன் ஆறு மணிக்கே தெருமுனையில் வந்து ஆரன் அடிக்கும். ஒரு நிமிஷம் தவறினால் அன்றைய சம்பளம் போச்சு. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் தறி ஓடினால்தான் கூலி என்பதால், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தலை சீவிவிட நேரம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிற அக்காமார் வெள்ளன எந்திரிச்சு, சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டி மூடும் முன்னே கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஊர் உலகமெல்லாம் பேசுகிற பால்கோவா அந்தப் பாலில்தான் கிண்டுகிறார்கள். களை எடுக்க, நடவுக்குப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன்னே வயலில் இறங்க வேண்டும். சிவகாசிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் வண்டி விடிந்ததும் வந்துரும்.

வேலை வேறு வேறு. ஆனால் எல்லா வீட்டிலும் அதே ரெண்டு மணி நேரம்தான் இடிக்கிறது.

முன்னே அந்த வண்டியில் பிள்ளைகளே போனார்கள்

இது நம்ம மாவட்டத்துக்குப் புதிய பிரச்சினை இல்லை. 1970களிலும் 80களிலும் சிவகாசி தீப்பெட்டி ஃபேக்டரி பஸ்கள் விடியும் முன்னே கிராமம் கிராமமாக வந்து நின்றன. அதில் ஏறியவர்களில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் ஏராளம். தூக்கம் கலையாத பிள்ளையைத் தாயே கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்ட காலம் அது. இங்கே உட்கார்ந்திருக்கிற மூத்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1987இல் தேசியக் கொள்கை, பிறகு சிறப்புப் பள்ளிகள் என்று பல பேர் பாடுபட்டதால் நிலைமை மாறியது.

இன்றைக்கு வண்டியில் தாய் போகிறாள், பிள்ளை பள்ளிக்குப் போகிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் வண்டி வருகிற நேரம் மட்டும் மாறவில்லை. அந்த நேரத்தை வீட்டில் யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டியிருக்கிறது.

யார் சுமக்கிறார்கள்?

குழுக்களில் கேட்டால் பதில் சட்டென்று வரும். "பெரியவ இருக்கால்ல, அவ பாத்துக்கிடுவா." பெரியவளுக்கு வயசு என்ன? பத்து, பதினொண்ணு. அவளே அஞ்சாப்பு, ஆறாப்புப் படிக்கிற பிள்ளை. தம்பியை எழுப்பி, குளிக்க வைத்து, சட்டை மாட்டி, ஊட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, பிறகு தன் பள்ளிக்கு ஓடுகிறாள். முதல் பாடம் பாதி போயிருக்கும். தினமும் தாமதம், தினமும் திட்டு. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்கும் லீவு. இப்படித்தான் படிப்பு நழுவுகிறது. "படிப்பு ஏறல" என்று பின்னால் சொல்கிறோம். ஏறாமல் போனதற்கு அந்தக் காலை நேரமும் ஒரு காரணம். இதே வேலையைப் பெரிய பையனிடம் எத்தனை வீட்டில் கொடுக்கிறோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பெரியவள் இல்லாத வீட்டில் பிள்ளையை ஆறரை மணிக்கே பூட்டிய பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். திருமங்கலத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகிற நெடுஞ்சாலையில் விடியற்காலையிலும் லாரி ஓயாது. அந்த ரோட்டை ஏழு வயசுப் பிள்ளை தனியாகத் தாண்டுவது சாதாரண விஷயம் இல்லை.

காலை உணவு வந்தது, பாதிப் பாரம் குறைந்தது

1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர் நம்ம விருதுநகர்க்காரர். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். காலைச் சாப்பாடு மட்டும் அந்தந்த வீட்டுப் பாடாகவே இருந்தது. டீயும் பன்னும், இல்லையென்றால் வெறும் வயிறு.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, முதலில் 1,545 அரசுப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று கிழமை வாரியாகப் பட்டியல் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவும் சொன்னார்கள்.

இதில் நமக்குப் பெருமையான விஷயம், கிராமங்களில் சமைக்கும் பொறுப்பைச் சுய உதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்ததுதான். குழுவில் மூன்று வருஷமாவது உறுப்பினராக இருக்க வேண்டும், தன் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று தகுதி வைத்தார்கள். தன் பிள்ளைக்கும் அதே சட்டியில் இருந்துதான் சாப்பாடு என்றால் சமைக்கிற கை தானாகவே கவனமாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடு பள்ளியில் தயாராக இருந்தாலும் பிள்ளை மணியடிக்கும் முன்னே அங்கே போய்ச் சேர வேண்டும். தாமதமாகப் போனால் அதுவும் கிடைக்காது. வேன் ஆறு மணிக்கு, சாப்பாடு எட்டு மணிக்குமேல். நடுவில் உள்ள நேரத்தை அரசாங்கம் பார்க்கவில்லை. அது நம்ம கையில்தான் இருக்கிறது.

குழு என்ன செய்யலாம்?

தனித்தனியாக நூறு ரூபாய் கையில் நிற்காது, சேர்த்து வைத்தால் நிற்கும் என்று தெரிந்துதானே குழு ஆரம்பித்தோம். காலை நேரமும் அப்படித்தான். தனித்தனியாக ஒவ்வொருவரும் தவிக்கிறோம். சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும்.

முதலில், யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், யார் எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு தெருவில் ஆறு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் மில்லுக்குப் போகிறார்கள். ஷிப்ட் வாராவாரம் மாறும். இந்த வாரம் சாயங்கால ஷிப்ட் போகிறவர் காலையில் வீட்டில் இருப்பார். அவர் மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த வாரம் அவர் பிள்ளையை இன்னொருவர் பார்ப்பார். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர் ஏழரைக்குத் திரும்பினால், பள்ளி வரைக்கும் கூட்டிப்போகிற வேலை அவருடையது. எழுதிப் பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

இரண்டாவது, முறை வைக்க ஆள் கூடவில்லை என்றால், தெருவில் இருக்கிற ஒரு வயசான ஆத்தாவைக் கேட்கலாம். சும்மா கேட்க வேண்டாம். பிள்ளையை விடுகிற வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதம் ஒரு தொகை கொடுங்கள். தொகையையும் நேரத்தையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சு இரண்டாம் மாதம் சண்டையில் முடியும்.

மூன்றாவது, சமைக்கிற உறுப்பினர் தலையில் மற்ற பிள்ளைகளைக் கட்டாதீர்கள். "நீ எப்படியும் பள்ளிக்கூடத்துக்குத்தானே போற, கூட்டிட்டுப் போயேன்" என்று சொல்வது சுலபம். அங்கே அடுப்பு எரியும், சாம்பார் கொதிக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம் இல்லை அது.

நான்காவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அந்தக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், அப்போது பொறுப்பில் யார், ரோட்டைத் தாண்ட யார் நிற்பார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஐந்தாவது, ராத்திரியே முடிக்க வேண்டியதை ராத்திரியே முடியுங்கள். சட்டை, பை, தண்ணி பாட்டில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிள்ளை அடுப்புப் பற்றவைக்கிற மாதிரி எதையும் மிச்சம் வைக்காதீர்கள். பழைய சோறும் மோரும் கொடுத்தால் கேவலம் இல்லை.

சொல்லத் தயங்குகிற இரண்டு விஷயம்

ஒன்று, வீட்டுக்காரர். அவருக்கும் அது பிள்ளைதான். பிள்ளையைக் குளிக்க வைப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். "அவருக்குத் தெரியாது" என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் கடைசி வரை தெரியாமலேதான் போகும். வாரத்தில் இரண்டு காலை அவர் பொறுப்பு என்று ஆரம்பியுங்கள்.

இரண்டு, சாதி. 2023 செப்டம்பரில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் அருகே ஒரு பள்ளியில், சமைத்தவரின் சாதியைச் சொல்லிச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அமைச்சரும் எம்.பி.யும் கலெக்டரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நம்ம ஊரில் அப்படி யாரும் வர வேண்டிய நிலை வரக்கூடாது. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பெட்டியில் பணம் போடுகிறோம். "அந்தத் தெருவில் பிள்ளையை விட மாட்டேன்" என்று நாமே சொன்னால் அப்புறம் எதற்குக் குழு?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை:

1. நம் குழுவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? காலை ஆறிலிருந்து எட்டு வரை ஒவ்வொருவரும் யார் பொறுப்பில்?

2. தம்பி, தங்கையைப் பார்ப்பதற்காகத் தாமதமாகப் பள்ளிக்குப் போகிற பெண் பிள்ளை யார்?

3. அவளை விடுவிக்க இந்த மாதமே என்ன செய்யலாம்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு வரி பதிலாவது தீர்மான நோட்டில் ஏறட்டும். அடுத்த மாதம் நான் வரும்போது கடன் நோட்டைப் பார்க்கும் முன்னே அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.